முதல் வாரத்திலேயே வந்து நிற்கும் ஆண் மான்: எய்வதா, போகவிடுவதா?

கேள்வி: அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகரில் வசிக்கிறேன். வில்வேட்டையில் இது எனக்கு இரண்டாவது பருவம். ஐயோவா கவுன்டியில் நண்பர் ஒருவரின் 40 ஏக்கர் பண்ணையில் பரண் கட்டி உட்கார அனுமதி கிடைத்திருக்கிறது. செப்டம்பரில் பருவம் தொடங்கிய முதல் வாரமே, ஒரு மாலையில், எட்டு முனைக் கொம்போடு ஆண் மான் ஒன்று 20 கஜ தூரத்தில் வந்து சோயா மேய்ந்தது. 'இன்னும் நாள் இருக்கிறது, இதைவிடப் பெரியது வரும்' என்று விட்டுவிட்டேன். சரியாகச் செய்தாய் என்கிறார் ஒருவர். கைக்கு வந்ததை விட்டுவிட்டாயே என்று சிரிக்கிறார் இன்னொருவர். நான் போவது வீட்டுக்கு இறைச்சி வேண்டும் என்றுதான். போன ஆண்டு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த மான் மறுபடி வந்தால் என்ன செய்வது?

பதில்: மறுபடி வந்து, உடம்பைப் பக்கவாட்டில் காட்டி, வெளிச்சம் மங்கும் முன் நின்றால் எய்துவிடுங்கள். அன்றைக்கு விட்டதில் குற்றமில்லை. ஆனால் அதற்கு நீங்கள் சொல்லிக்கொண்ட காரணம் உங்களுடையதே அல்ல. சுவரில் கொம்பு மாட்டுவதற்காகக் காத்திருப்பவர் சொல்ல வேண்டியதை, குளிர்பெட்டியை நிரப்பப் போகிற நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள்.

(இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: அங்கே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அமெரிக்காவின் வெண்வால் மான் கதை வேறு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில லட்சமாகச் சுருங்கியிருந்த இனம் இன்று கோடிக்கணக்கில் பெருகிவிட்டது. லைசென்ஸும் எண்ணிக்கை வரம்பும் வைத்து வேட்டையை அரசே நடத்துகிறது.)

எய்தால் நீங்கள் இழப்பது என்ன என்று முதலில் பார்ப்போம். விஸ்கான்சினில் வில் லைசென்ஸோடு ஒரே ஒரு ஆண் மானுக்குத்தான் அனுமதி. துப்பாக்கி லைசென்ஸ் எடுத்தால் அதற்குத் தனியாக ஒன்று உண்டு. செப்டம்பரிலேயே வில்லுக்கான அனுமதியைச் செலவழித்துவிட்டால், நவம்பர் முதல் பாதியில், இணைசேரும் பருவம் உச்சத்தில் இருந்து பெரிய ஆண் மான்கள் பட்டப்பகலில் பெட்டையைத் தேடி அலையும் நாட்களில், உங்கள் வில்லுக்குப் பெட்டை மான் அனுமதிதான் மிஞ்சியிருக்கும். விலை இதுதான். கொம்பு வேட்டைக்காரருக்கு இது பெரிய விலை. அந்த நவம்பர் நாட்களுக்காகவே ஆண்டு முழுதும் விடுமுறையைச் சேர்த்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு மான் கிடைத்தால் போதும் என்பவருக்கு இது ஒரு விலையே இல்லை.

அடுத்து, விட்டால் கிடைப்பது என்ன? 'விட்டால்தான் வளரும்' என்பது இங்கே வேட்டைக்காரர்களின் தாரக மந்திரம். பாதி உண்மை. இரண்டரை வயது மானின் கொம்பு, அது எட்டக்கூடிய அளவில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் எட்டியிருக்கும். ஐந்து, ஆறு வயதில்தான் முழு வளர்ச்சி. ஆனால் அது யாருக்காக வளரும் என்பதை அந்த மந்திரம் சொல்வதில்லை. ஆண் மான் ஓராண்டில் சுற்றும் பரப்பு சாதாரணமாக ஒரு சதுர மைல் அளவுக்கு, அதாவது 640 ஏக்கருக்கு, வரும். உங்கள் கையில் இருப்பதோ 40 ஏக்கர். ஒன்றரை வயது மானாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்த வயதில் பாதிக்கும் மேற்பட்ட ஆண் மான்கள் பிறந்த இடத்தை விட்டுச் சில மைல் தள்ளிப் போய்க் குடியேறிவிடுகின்றன. நவம்பர் மூன்றாம் வாரத்தில், நன்றிகூறல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை, ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவம் தொடங்கும்போது மாநிலம் முழுவதும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் காட்டில் இறங்குவார்கள். நீங்கள் விட்டதைப் பக்கத்துப் பண்ணைக்காரரும் விடுவார் என்று நம்ப உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது?

எல்லோரும் சேர்ந்து விட்டால் பலன் நிச்சயம் உண்டு. பென்சில்வேனியாவில் 2002இல், குறைந்தபட்ச முனை இல்லாத கொம்பு மானைச் சுடக்கூடாது என்று விதி வந்தது. உயிரியலாளர் கேரி ஆல்ட் மாநிலம் முழுவதும் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, வசவும் வாங்கி, அதை நிலைநாட்டினார். அதற்கு முன் அங்கே வீழ்ந்த ஆண் மான்களில் பெரும்பாலானவை ஒன்றரை வயதுக் குட்டிகள். இன்று பெரும்பான்மை இரண்டரையோ அதற்கு மேலோ ஆனவை. ஆனால் அது மாநிலமே சேர்ந்து விட்டதால் நடந்தது. விஸ்கான்சினில் அப்படி மாநிலம் தழுவிய விதி இல்லை. அக்கம்பக்கத்துப் பண்ணைகள் சில சேர்ந்து ஒப்பந்தம் போட்டிருந்தால் கணக்கு மாறும். நண்பரிடம் கேட்டுப் பாருங்கள்.

'பெரியது வரும்' என்ற எதிர்பார்ப்பிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் பார்த்த மான் இப்போது படுக்கும் புதருக்கும் சோயா வயலுக்கும் இடையே கடிகாரம் மாதிரி நடந்துகொண்டிருக்கும். இந்த ஒழுங்கு செப்டம்பர் கடைசி வரைதான். கோடையில் கூட்டமாகத் திரிந்த ஆண் மான்கள், கொம்பின் மேல் படிந்திருந்த வெல்வெட் தோல் உரிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியும். சில வேறு இடத்துக்கே போய்விடும். சோயா இலை பழுத்ததும் வயலை விட்டுவிட்டு, வெள்ளை ஓக் மரத்தடியில் உதிரும் கொட்டைக்குப் போய்விடும். அக்டோபரில் மான் நடமாட்டமே குறைந்துவிடும் என்று சொல்வார்கள். கழுத்தில் ஜி.பி.எஸ். பட்டை கட்டிப் பார்த்த ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. மான் நடந்துகொண்டுதான் இருக்கிறது, உங்கள் பரண் பக்கம் வருவதில்லை, அவ்வளவுதான். ஆகவே இந்த மான் இதே இடத்தில் திரும்பக் கிடைக்க உங்களுக்கு ஒன்றிரண்டு வாரங்களே உள்ளன.

வயதைக் கணிப்பது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் 'எட்டு முனை' என்று மட்டும் எழுதியிருப்பதால் சொல்கிறேன். முனையை எண்ணி வயது சொல்ல முடியாது. உங்கள் பகுதி போல நல்ல மண்ணும் சோளமும் சோயாவும் உள்ள இடத்தில் ஒன்றரை வயதுக் குட்டியே மெல்லிசாக எட்டு முனை வைத்திருக்கும். கொம்பை மறைத்துவிட்டு உடம்பைப் பாருங்கள். ஒன்றரை வயது என்றால் பெட்டை மானுக்குக் கொம்பு ஒட்டவைத்தது போல இருக்கும். இரண்டரையில் உடம்புக்குக் கால் நீளமாகத் தெரியும், இடுப்பு உள்வாங்கியிருக்கும். மூன்றரையில் மார்பு இறங்கி, பின்பக்கத்தைவிட முன்பக்கம் கனத்திருக்கும். நாலரைக்கு மேல் கால் குட்டையாகிவிட்டதோ என்று தோன்றும், இடுப்பு ஒடுக்கம் மறையும், பின்னர் வயிறும் தொங்கத் தொடங்கும். படங்களில் காட்டப்படும் பருத்த கழுத்தைத் தேடாதீர்கள். அது நவம்பரில் வருவது, செப்டம்பரில் எந்த வயது மானுக்கும் கழுத்து ஒல்லிதான். கொம்பின் அகலம் வேண்டுமானால் காதை வைத்துப் பாருங்கள். காதை விறைத்து நிமிர்த்தினால் நுனிக்கு நுனி ஏறக்குறைய 16 அங்குலம். கொம்பு அதற்கு வெளியே போகாவிட்டால் இளசாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கணிப்பு சரியா என்பதை மான் விழுந்த பிறகு கீழ்த்தாடையில் சரிபார்க்கலாம். முன்னிருந்து மூன்றாவது கடைவாய்ப் பல் மூன்று மேடுள்ள பால்பல்லாக இருந்தால் ஒன்றரை வயது. இரண்டு மேடுள்ள புதுப்பல் முளைத்து முடிந்திருந்தால் அதைவிட மூத்தது.

கொம்பையும் வயதையும்விடப் பருவத் தொடக்கத்தில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது வெயில். மானை விடுவதற்கு உண்மையான காரணங்கள் அங்கேதான் இருக்கின்றன. செப்டம்பர் மாலையில் 25 டிகிரி செல்சியஸ் இருப்பது சாதாரணம். அம்பு நுரையீரலில் பட்டால் அரைமணி நேரம் பொறுத்துத் தேடினால் போதும், மான் அருகிலேயே கிடக்கும். வயிற்றில் பட்டாலோ எட்டு மணி நேரத்துக்குமேல் காத்திருக்க வேண்டும். முன்னதாகப் போனால் படுத்திருப்பது எழுந்து ஓடிவிடும். நவம்பரில் இரவுக் குளிர் இறைச்சியைக் காப்பாற்றும். செப்டம்பரில் விடிவதற்குள் அது கெட்டிருக்கும், அல்லது நரி போன்ற கொயோட்டிகள் முந்திக்கொண்டிருக்கும். எனவே நவம்பரில் துணிகிற தூரத்தில் இப்போது துணியாதீர்கள்.

20 கஜம் நல்ல தூரம். அம்பு அங்கே போய்ச் சேர ஐந்தில் ஒரு நொடி ஆகும். 40 கஜத்துக்கு அதைப்போல் இருமடங்கு. நாண் ஒலி அம்புக்கு முன்பே மானைச் சேர்ந்துவிடுகிறது, மான் பாய்வதற்காக உடம்பைத் தாழ்த்துகிறது, அம்பு முதுகுக்கு மேலே போகிறது. ஆகவே தலை நிமிர்த்தி உங்களை நோக்கிக் காது திருப்பிய மானை விட்டுவிடுங்கள். தலை குனிந்து மேய்வதாக இருக்க வேண்டும். வாலை ஒருமுறை ஆட்டிவிட்டு, பெரும்பாலும் அடுத்த அடி வைக்கும். உங்கள் பக்கத்து முன்னங்கால் முன்னே போகும் அந்தக் கணத்தில் முழங்கைக்குப் பின்னே உள்ள குழி திறக்கும். அங்கேதான் எய்ய வேண்டும். தலை உங்களிடமிருந்து விலகும்படி லேசாகத் திரும்பி நின்றால் இன்னும் நல்லது. நேராக உங்களைப் பார்த்து நின்றால் எவ்வளவு அருகில் இருந்தாலும் வேண்டாம். இலை உதிராத காலம் என்பதால் இடையில் ஒரு சுள்ளி நீட்டிக்கொண்டிருந்தாலும் அம்பு திசை மாறிவிடும்.

மான் விழுந்ததும் குடலை அகற்றி, வயிற்றுக்குள் ஐஸ் பைகளை அடுக்கி, 4 டிகிரிக்குக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். காரில் ஐஸ் பெட்டி இல்லாமல் செப்டம்பரில் பரண் ஏறுவதே தவறு. சரியாகக் குளிர்வித்த செப்டம்பர் இறைச்சிக்கு ஈடு இல்லை. கோடை முழுவதும் சோயா தின்று கொழுத்த உடம்பு அது. இணைசேரும் பருவம் முடியும்போது ஆண் மான் கால்வாசி எடை வரை இழந்துவிடும். தசைக்குள் கொழுப்பு குறைவு என்பதால் தொடைக்கறியை மிளகு வறுவலாக நீண்ட நேரம் பிரட்டினால் வறண்டு போகும். குழம்புக்குத் தோள்பட்டையை எடுங்கள்.

ஐயோவா கவுன்டி என்று எழுதியதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சி.டபிள்யூ.டி. எனப்படும், மான்களைக் கொல்லும் நலிவு நோய் விஸ்கான்சினில் 2002இல் முதலில் தெரியவந்தது உங்கள் பக்கம்தான். தென்மேற்கின் சில பகுதிகளில் வளர்ந்த ஆண் மான்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் நோய் இருக்கிறது. பெட்டையைவிட ஆண் மானுக்கு அதிகம், இளசைவிட மூத்ததற்கு அதிகம். 'வளரட்டும்' என்று விட்டவை வளரும் முன்பே சாகும் இடம் அது. மிசூரி மாநிலம் தன் நோய்ப் பகுதிகளில் முனை எண்ணிக்கை விதியையே கைவிட்டது இதனால்தான். மனிதருக்கு இந்நோய் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை. ஆனாலும் நோயுள்ள மானை உண்ண வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. காரணமான பிரையான் புரதம் சமையல் சூட்டில் அழிவதில்லை, குக்கர் விசில் எத்தனை வந்தாலும் பயனில்லை. தலையைக் கழுத்தின் சில அங்குலத்தோடு மாநில இயற்கைவளத் துறையின் சேகரிப்புப் பெட்டியில் போட்டால் இலவசமாகச் சோதித்துச் சொல்வார்கள். முடிவு வரும்வரை இறைச்சி உறைபெட்டியில் தனியாக இருக்கட்டும், வேறு மானின் இறைச்சியோடு கலக்க வேண்டாம்.

ஒருவேளை உங்கள் மனத்தின் மூலையில் பெரிய கொம்பு ஆசை இருக்கிறது என்றால் அதற்கும் வழி உண்டு. பெட்டை மான் அனுமதி இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்தி உறைபெட்டியை நிரப்பிவிட்டு, ஆண் மானுக்கு நவம்பர் வரை காத்திருங்கள். இறைச்சிக் கவலை தீர்ந்தவரால்தான் ஒரு நல்ல மானை நிம்மதியாக விட முடியும்.

பரணேறும் முன் நண்பரிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். பண்ணையில் எந்த மானை விட வேண்டும் என்று அவருக்கு விருப்பம் ஏதும் இருக்கிறதா? இருந்தால் நான் எழுதியதையெல்லாம் தள்ளிவிட்டு அவர் சொல்வதைச் செய்யுங்கள், நிலம் அவருடையது. மற்றொன்று, பக்கத்துப் பண்ணைக்காரரின் தொலைபேசி எண். அம்பு பட்ட மான் 40 ஏக்கருக்குள்தான் விழும் என்பதில்லை, வேலி தாண்டி எடுத்துவர அவருடைய அனுமதி வேண்டும். எடுத்த பிறகு, மறுநாள் மாலை 5 மணிக்குள் மாநில இயற்கைவளத் துறையின் கேம்ரெஜ் இணையதளத்திலோ தொலைபேசியிலோ பதிவு செய்துவிட வேண்டும்.