டி.எஸ்.எச். நார்மலுக்கு வந்துவிட்டது, இனியும் தைராய்டு மாத்திரை போட வேண்டுமா?

பெரும்பாலானவர்கள் தொடரத்தான் வேண்டும். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

நான்கு வருடம் முன்பு, சித்திரை வெயிலில் என் அம்மா ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார். குரல் கரகரத்தது. காலையில் முகம் உப்பியிருக்கும். "வயசாகுதுல்ல" என்பார், நாங்களும் நம்பிவிட்டோம். அப்படி ஒரு வருடம் போனது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 38; தைராய்டு கம்மியாகச் சுரக்கிறது என்றார்கள். நார்மல் என்பது ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை.

"அதிகமாத்தானே இருக்கு, ஏன் தைராய்டு கம்மின்றாங்க?" என்று அம்மா கேட்டார். பலரும் குழம்புவது இங்கேதான். டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பதல்ல; மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பது. கழுத்தில் இருக்கும் தைராய்டைப் பார்த்து அது போடும் சத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் விளையாடும் பிள்ளையைக் கூப்பிடும்போது, பதில் வந்தால் குரல் தணியும், வராவிட்டால் ஏறும் இல்லையா, அதே மாதிரி.

மாத்திரையில் இருப்பது தைராக்ஸின், அதாவது தைராய்டே சுரந்திருக்க வேண்டிய ஹார்மோன். அது ரத்தத்தில் போதுமான அளவு இருந்தால் பிட்யூட்டரி அடங்கிவிடும். ஆகவே மாத்திரை போடும்போது டி.எஸ்.எச். நார்மல் என்றால் டோஸ் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். சுரப்பி குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அம்மாவுக்கு இருப்பது ஹாஷிமோட்டோ. 1912-ல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ விவரித்த நோய் இது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டை அரிக்கும். அயோடின் உப்பு சாப்பிடுகிறவர்களுக்கும் வரும்.

மூன்று மாதத்தில் நார்மல் வந்ததும், பக்கத்து வீட்டு அக்கா பேச்சைக் கேட்டு அம்மா நிறுத்திவிட்டார். இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. தைராக்ஸின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். பலர் ஏமாறுவது இதில்தான். இரண்டாவது மாதம் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். டி.எஸ்.எச். 27.

திரும்ப ஆரம்பித்தும் எண் இறங்கவில்லை. "மாத்திரைய எதோட போடுறீங்கம்மா?" என்று டாக்டர் கேட்டார். காலை காபியோடு, கூடவே எலும்புக்குக் கொடுத்த கால்சியம் மாத்திரையும். இரண்டுமே தைராக்ஸினைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். இப்போது எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துக் காபி, கால்சியம் நான்கு மணி நேரமாவது தள்ளி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். டோஸ் கூட்டாமலேயே எட்டு வாரத்தில் 3-க்கு வந்தது.

எல்லோருக்கும் ஆயுசு முழுக்க என்றும் சொல்ல முடியாது. பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சி பலருக்குத் தானாகவே சரியாகும். டி.எஸ்.எச். லேசாக மட்டும் ஏறியிருந்தால் மாத்திரையே தேவைப்படாமலும் போகலாம். ஆனால் அதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

கர்ப்பமாக இருப்பவர்கள் மட்டும் ஒரு நாளும் தானாக நிறுத்திவிடாதீர்கள். முதல் மூன்று மாதம் குழந்தை தாயின் தைராக்ஸினைத்தான் நம்பியிருக்கிறது. கர்ப்பம் தெரிந்த அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் டோஸைக் கூட்டுவார்கள்.