ஏறட்டும், விழுந்தால் மணலில் விழட்டும்

கேள்வி: மேலூர் பக்கம் மழலையர் பள்ளி நடத்துகிறோம். 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள். பட்டறையில் சொல்லி 7 அடி இரும்பு ஏறுகூண்டு செய்து, சிமென்ட் தரையில் பதிக்கலாமா? முற்றத்து முருங்கை மரத்தில் ஏறவிடலாமா?

பதில்: 7 அடி வேண்டாம், இந்த வயதுக்கு 4 அடி தாராளம். உயரத்தைவிட முக்கியம் தரை. சிமென்ட் கூடவே கூடாது. 4 அடிக் கூண்டுக்குக் குறைந்தது 9 அங்குல மணல் தேவை. காலால் சிதறும் என்பதால் ஓர் அடி கொட்டுங்கள். கூண்டைச் சுற்றி நாலு பக்கமும் 6 அடிக்கு மணல் இருக்கட்டும். தூள் கலந்த எம்-சாண்ட் ஒரு மழைக்கே இறுகிவிடும். சலித்துக் கழுவிய மணலே நல்லது. வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். இரவில் தார்ப்பாய் மூடாவிட்டால் பூனை அசிங்கம் செய்துவிடும்.

பட்டறைக்காரரிடம் அளவை எழுதியே கொடுங்கள். எந்த இடைவெளியும் மூன்றரை அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் நடுவில் வரக்கூடாது. அதில் கால் முதலில் நுழைந்து உடம்பு நழுவிவிடும், தலை சிக்கிக்கொள்ளும். படிக்கம்பியின் தடிமன் சேராமல், படிக்குப் படி 10 அங்குலம் வெற்றிடம் வையுங்கள். பிஞ்சுக் கை முழுதாகச் சுற்றிப் பிடிக்க, குழாயின் வெளிவிட்டம் ஒன்றேகால் அங்குலம் போதும். வெல்டிங் பிசிறை ராவச் சொல்லுங்கள்.

சித்திரை வெயிலில் இரும்பு கையைச் சுட்டுவிடும். வேப்பமர நிழலில் வையுங்கள். ஆசிரியை முதலில் தொட்டுப் பார்க்கட்டும். துப்பட்டா, கழுத்துச் சங்கிலியைக் கழற்றிய பிறகே ஏறவிடுங்கள்.

முருங்கை? வேண்டவே வேண்டாம், கிளை சொல்லாமல் முறியும். எந்தப் பிள்ளையையும் தூக்கி மேலே விடாதீர்கள். தானாக ஏறிய உயரத்திலிருந்துதான் அதற்கு இறங்கத் தெரியும்.