ஜப்பான்ல கியோட்டோ, நாராவுக்கு குரூப்பா போறீங்களா? கோயில் லிஸ்ட்டை முதல்ல பாதியாக்குங்க

16 பேர், அதுல 6 பேர் அறுபதைத் தாண்டினவங்க, 4 நாள்ல 14 கோயில், எல்லாருமே சைவம், இந்த பிளான் சரியா வருமான்னு கேட்டிருக்கீங்க. வராதுங்க. தனியா போறவங்களுக்கே மூச்சு வாங்கும், 16 பேர்னா ஒவ்வொரு இடத்துலயும் ஷூ கழட்ட, டிக்கெட் வாங்க, பாத்ரூம் போனவங்க திரும்பி வரன்னே அரை மணி நேரம் ஓடிடும். அதோட நிறைய கோயில் சாயங்காலம் நாலரை, அஞ்சுக்கே மூடிடுவாங்க, கடைசி டிக்கெட் அதுக்கும் அரை மணி முன்னாடியே நின்னுடும். ஒரு நாளைக்கு ரெண்டு, மிஞ்சிப்போனா மூணு, அதுக்கு மேல வேண்டாம்.

கியோமிசுதேரா காலைல 6 மணிக்கே திறந்துடும், அதனால முதல் நாள் அதை வச்சுக்கோங்க. மேட்டுல ஏறணும்தான், ஆனா அந்த நேரத்துல கடையெல்லாம் மூடியிருக்கும், ரோடு காலியா இருக்கும், பெரியவங்க நின்னு நின்னு ஏறலாம். அடிவாரம் வரைக்கும் டாக்ஸி வச்சுடுங்க, கியோட்டோ சிட்டி பஸ்ல 16 பேர் ஒண்ணா ஏறுறது நடக்காத காரியம்.

அங்கேர்ந்து சஞ்சூசங்கென்தோ. குரூப்புக்கு எனக்குப் பிடிச்ச கோயில் இதுதான், ஏன்னா எல்லாமே ஒரே மண்டபத்துல, சமதளம், யாரும் தொலையவும் முடியாது. சுமார் 120 மீட்டர் நீள மரக்கட்டிடம், 1266ல திருப்பிக் கட்டினது, உள்ள 1001 கண்ணோன் சிலை, அதாவது பௌத்தத்துல கருணைக்கு அடையாளமான நம்ம அவலோகிதேஸ்வரர். ஆனா உங்காளுங்க நின்னு பாக்கப்போறது முன் வரிசைல இருக்கிற 28 காவல் தெய்வங்களைத்தான், பிரம்மா, இந்திரன், நாராயணன் எல்லாரும் ஜப்பான் பேர்ல நிக்கிறாங்க, கருடன் புல்லாங்குழல் வாசிக்கிறார்! உள்ள போட்டோ எடுக்கக் கூடாது, சத்தமா விளக்கவும் முடியாது, அதனால கதையெல்லாம் வெளியிலயே சொல்லிட்டு கூட்டிட்டுப் போங்க.

கின்காகுஜி, அந்தத் தங்கக் கோயில்? போங்க, ஆனா பெருசா எதிர்பாக்காதீங்க. 1950ல எரிஞ்சு 1955ல மறுபடி கட்டினது, ஒரு வழிப்பாதைல போயி குளத்துக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துட்டு வரவேண்டியதுதான்.

நாராவுக்கு ஒரு முழு நாள் விடுங்க. அங்க தோதாய்ஜி கோயில்ல இருக்கிற பெரிய புத்தர் சிலைக்கு 752ல கண் திறந்து வச்சது இந்தியாலேர்ந்து போன போதிசேனர்ங்கிற துறவி. மண்டப வாசலுக்கு வலது பக்கம் சிவப்புத் துணி போர்த்தி ஒரு மரச்சிலை உக்காந்திருக்கும், பின்சுருன்னு சொல்வாங்க, புத்தரோட சீடர் பிண்டோல பாரத்வாஜர்தான் அது. அவரோட முழங்காலைத் தொட்டுட்டு நம்ம முழங்காலைத் தொட்டா வலி போகும்னு அங்க நம்பிக்கை, பெரியவங்க இருக்கிற குரூப் அங்கேர்ந்து சீக்கிரம் நகராது பாருங்க. மத்தியானம் ட்ரெயின் புடிச்சு ஹோர்யூஜி கோயில், உலகத்துலயே ரொம்பப் பழைய மரக்கட்டிடங்கள் அங்கதான், கூட்டமும் கம்மி. மே, ஜூன், அக்டோபர், நவம்பர்ல ஸ்கூல் பசங்க டூர் குவியும், அப்போ போறதா இருந்தா ஹோர்யூஜியை காலைலயே முடிச்சுடுங்க.

கழட்ட ஈசியான ஷூ, ஓட்டையில்லாத சாக்ஸ், ஷூவைப் போட்டுக்க ஒரு கவர். டிக்கெட்டுக்கு யென் கேஷா ஒரே ஆள் கைல இருக்கட்டும். குரூப் டிஸ்கவுண்ட் பெரும்பாலும் 30 பேருக்கு மேலதான், அதை நம்பாதீங்க.

சாப்பாடுதான் உண்மையான தலைவலி. காய்கறி மட்டும்னு சொல்லி தர்ற நூடுல்ஸ்லயும் மிசோ சூப்லயும் மீன்ல எடுத்த தாஷிங்கிற சாறு இருக்கும். அதனால நாலாவது நாள் அந்த மிச்ச கோயிலையெல்லாம் விட்டுட்டு கோயாசான் மலைக்குப் போய் கோயில் விடுதில ஒரு ராத்திரி தங்குங்க. குகாய்ங்கிற துறவி 816ல ஆரம்பிச்ச இடம், 50 விடுதி பக்கம் இருக்கு, ஷோஜின் ரியோரின்னு துறவிங்க சாப்பாடு போடுவாங்க, மீன் கறி மட்டுமில்ல, வெங்காயம் பூண்டு கூட கிடையாது. 16 பேருக்கு ஒரே விடுதில ரூம் வேணும்னா ரொம்ப முன்னாடியே புக் பண்ணணும், தரைல படுக்க எழ முடியாதவங்க இருந்தா கட்டில் இருக்கான்னு அப்பவே கேட்டுடுங்க.