யாருடைய சத்தம்?

கேள்வி: பெண்கள் குழுவாகத் தெருவில் இறங்கிப் பறை அடிக்கிறார்கள், பாடுகிறார்கள். சத்தத்தைத் தவிர இதனால் சமூகத்தில் என்ன மாறிவிடப் போகிறது?

பதில்: சத்தமா? தேர்தல் வந்தால் பிரசார ஆட்டோ விடிந்ததிலிருந்து தெருத்தெருவாக அலறுகிறது. கட்சி மாநாடென்றால் கம்பத்துக்குக் கம்பம் கூம்பு ஒலிபெருக்கி. தலைவர் பிறந்த நாளென்றால் நடுரோட்டில் ஆயிரம்வாலா. அதனால் சமூகம் மாறுமா என்று கேட்டு எனக்கு ஒரு கடிதமும் வந்ததில்லை. பெண்கள் குச்சியைக் கையில் எடுத்ததும் வந்துவிட்டது!

பறையை ஒரு சாதியின் தலையில் கட்டாய ஊழியமாகச் சுமத்திய ஊர் இது. சாவு விழுந்தால் போய் அடித்தே ஆக வேண்டும். மறுத்தால் அடி உதை. அந்தச் சாதிக்குள்ளும் பெண்கள் பறை அடிக்கும் வழக்கம் இல்லை. அப்படியிருக்க, திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு 1990-களிலிருந்து தலித் இளம்பெண்களுக்குப் பறை கற்றுத்தருகிறது. வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, விரலால் சுண்டிப் பதம் பார்த்து, தோளில் மாட்டி, ஒரு கையில் சிண்டுக்குச்சி, மறு கையில் அடிக்குச்சியோடு பெண்கள் ஒரே அடவில் முன்னேறி வருவதை ஒருமுறை நின்று பாருங்கள். இழிவென்று சொல்லப்பட்டதைத் தலைநிமிர்ந்து அடிக்கிறார்களே, அதுவே மாற்றம்தான். கூட்டம் சேர்ந்த பிறகு அவர்கள் சாதிக் கொடுமையையும் பெண்கள் படும் பாட்டையும் பாடுவது அதற்கு மேல்.

லண்டனில் வாக்குரிமை கேட்ட பெண்களும் 1909-இல் முரசும் குழலுமாக ஒரு வாத்தியக் குழுவை அமைத்துச் சாலையில் அணிவகுத்தார்கள். முன்னால் நடந்தவர் மேரி லீ. பட்டாள வாத்தியத்தைப் பெண்கள் வாசிப்பதை அந்த ஊரும் வேடிக்கை பார்த்தது. அங்கே 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஒரு பகுதியினருக்கு 1918-இல் வாக்குரிமை கிடைத்தது. ஆண்களுக்குச் சமமாகக் கிடைக்க 1928 ஆனது. நம் நாட்டிலேயே, பீகாரில் பாட்னா அருகே திப்ரா கிராமத்துத் தலித் பெண்கள் பேண்டு வாத்தியம் பழகிக் கல்யாண வீடுகளில் வாசித்துச் சம்பாதிக்கிறார்கள்.

சம்பாத்தியம் என்றதும் என் பழைய கோபம் கிளம்புகிறது. விழா நடத்துகிறவர்களே, கலைக்குழுவை வாசலில் வெயிலில் நிறுத்தி, சிறப்பு விருந்தினர் கார் வந்ததும் அடிக்கச் சொல்லி, அவர் உள்ளே போனதும் ஓரங்கட்டுகிறீர்கள். இதை எத்தனை முறை எழுதுவது? மேடை கொடுங்கள். முழுதாக ஒரு மணி நேரம் கொடுங்கள். பேசிய தொகையை 'அடுத்த வாரம் வாங்க' என்று இழுக்காமல், அவர்கள் வண்டி ஏறுவதற்குள் கையில் கொடுங்கள்.