வாசகர் கேள்வி – பதில்: போதகர் மார்ட்டின் நீமோலர்

தஞ்சாவூர் வாசகர்: ‘முதலில் அவர்கள் கம்யூனிஸ்டுகளைத் தேடி வந்தார்கள், நான் பேசவில்லை’ என்று தொடங்கும் கவிதை, ஜெர்மானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்டின் பெயரோடு எனக்கு வந்தது. அதை எழுதியவர் ஒரு பாதிரியார் என்கிறார் நண்பர். எது சரி?

பதில்: நண்பர் சொல்வதே சரி. ஆனால் அது கவிதையாக எழுதப்பட்டதன்று. மார்ட்டின் நீமோலர் என்ற ஜெர்மானிய லுத்தரன் போதகர் 1946 முதல் தாம் ஆற்றிய உரைகளில், பிறர் கைதானபோது வாய்மூடி இருந்தவனுக்காகப் பேசக் கடைசியில் யாரும் மிஞ்சவில்லை என்ற இந்தக் கருத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். கம்யூனிஸ்டுகள், தீராத நோயாளிகள், யூதர்கள், யெகோவாவின் சாட்சிகள் என அவர் அடுக்கிய பட்டியல் மேடைக்கு மேடை மாறியது. அதை வரி பிரித்துக் கவிதையாக்கியவர்கள் பிறர். வாஷிங்டனிலுள்ள ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம் பயன்படுத்தும் வடிவம் சோசலிஸ்டுகளில் தொடங்குகிறது. கம்யூனிஸ்டுகள் அதில் இல்லை. இதைச் சிறிய திருத்தம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. 1933இல் கம்யூனிஸ்டுகள் கைதானபோது, கடவுள் மறுப்பாளர்கள் ஒழிந்தால் நல்லதுதான் என்று எண்ணிய பக்திமான்களில் நீமோலரும் ஒருவர். அந்த முதல் வரியை எடுத்துவிட்டால், அவர் தம்மீதே சுமத்திக்கொண்ட குற்றத்தின் பாதி போய்விடுகிறது.

மதுரை வாசகி: ஹிட்லரை எதிர்த்துச் சிறை சென்ற அவரே நாஜிக் கட்சிக்கு வாக்களித்தவர் என்று படித்தேன். உண்மையா?

பதில்: உண்மைதான். 1924இலும் 1933இலும் வாக்களித்தார். 1892இல் லிப்ஸ்டாட் நகரில் ஒரு லுத்தரன் போதகரின் மகனாகப் பிறந்த அவர், முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல் தளபதியாகப் பணியாற்றியவர். தோல்வியும் மன்னராட்சியின் வீழ்ச்சியும் அவருக்குத் தாங்கமுடியாத அவமானமாக இருந்தன. குடியரசை வெறுத்த அவருக்கு, தேசத்தை நிமிர்த்துவதாகச் சொன்னவரிடம் நம்பிக்கை பிறந்ததில் வியப்பில்லை.

முரண்பாடு திருச்சபைக்குள்தான் தொடங்கியது. யூத வம்சாவளியினரான போதகர்களைப் பணியிலிருந்து நீக்கும் ‘ஆரியப் பிரிவை’ எதிர்த்து, 1933 செப்டம்பரில் போதகர்களின் அவசரச் சங்கத்தை அவர் அமைத்தபோது, சில மாதங்களுக்குள் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் அதில் சேர்ந்தனர். ஆனால் அதே ஆண்டு நவம்பரில், யூதப் பின்னணி கொண்ட போதகர்கள் உயர் பொறுப்புகளை நாடாமல் அடக்கத்தோடு இருப்பது நலம் என்றும் எழுதினார். 1935இல் ஆற்றிய ஒரு பிரசங்கத்தில், கிறிஸ்துவைச் சிலுவையில் அறைந்ததால் யூதர் சாபத்தைச் சுமக்கிறார்கள் என்ற பழைய பல்லவியையே பாடினார். ஞானஸ்நானம் பெற்ற யூதருக்காக அவர் போராடினார். ஞானஸ்நானம் பெறாத யூதரைப் பற்றி அப்போது அவருக்குப் பெரிய கவலை இருக்கவில்லை.

1934 ஜனவரி 25 அன்று ஹிட்லர் திருச்சபைத் தலைவர்களை அழைத்துப் பேசினார். கூட்டம் தொடங்கியதும் ஹிட்லரின் அமைச்சர் கோரிங் ஒரு தாளை எடுத்து, அன்று காலை நீமோலர் தொலைபேசியில் பேசியதை வாசித்துக் காட்டினார். ஒட்டுக் கேட்கப்பட்டது அம்பலமானதும் கூட வந்த ஆயர்கள் வெலவெலத்துப்போனார்கள். மக்களைக் குறித்த பொறுப்பு எங்களுக்கும் உண்டு, அதை எங்களிடமிருந்து யாரும் பறிக்க முடியாது என்று ஹிட்லரிடமே சொல்லிவிட்டு வந்ததாக நீமோலர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1937 ஜூலை 1 அன்று கைதானார். மறு ஆண்டு மார்ச்சில் நீதிமன்றம் விதித்த ஏழு மாதத் தண்டனையை அவர் விசாரணைக் காலத்திலேயே அனுபவித்துவிட்டிருந்தார். ஆயினும் வீட்டுக்கு அனுப்பாமல், ஹிட்லரின் தனிப்பட்ட கைதியாக ஸாக்ஸன்ஹவுஸன் வதைமுகாமுக்கும், 1941இல் டாஹௌ வதைமுகாமுக்கும் கொண்டுபோனார்கள். இன்னொன்றையும் சொல்லவேண்டும்: 1939இல் போர் மூண்டதும், முகாமிலிருந்தபடியே மீண்டும் கடற்படையில் சேர விண்ணப்பித்தார். அரசு ஏற்கவில்லை.

நாகர்கோவில் வாசகர்: விடுதலைக்குப் பின் எவ்வாறு மாறினார்? அவருடைய நூல்களில் எதை முதலில் படிக்கலாம்?

பதில்: உடனே மாறிவிடவில்லை. 1945 கோடையில் செய்தியாளர்களிடம் அவர் பேசிய பேச்சில் பழைய தேசியவாதி இன்னும் உயிரோடிருந்தார். அந்த ஆண்டின் இறுதியில் மனைவி எல்ஸேயுடன் டாஹௌ முகாமை மீண்டும் பார்க்கச் சென்றபோது, பிணங்களை எரித்த கூடத்தில் ஒரு பலகையைக் கண்டார். 1933 முதல் 1945 வரை அங்கு எரிக்கப்பட்டவர்களின் தொகை அதில் எழுதப்பட்டிருந்தது. தொகையைவிட 1933 என்ற ஆண்டே தம்மைத் தாக்கியதாக அவர் பல கூட்டங்களில் சொன்னார். 1937க்குப் பிறகு தாம் கைதியாக இருந்ததாகச் சொல்லித் தப்பிக்கலாம், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகள் எங்கே இருந்தாய் என்று கடவுள் கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை என்பதே அவர் பேச்சின் சாரம். 1945 அக்டோபரில் நாஜிக் காலத்தில் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு திருச்சபை வெளியிட்ட ஸ்டுட்கார்ட் அறிக்கையில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். அடுத்த ஜனவரியில் எர்லாங்கன் நகரில் இதே பொருள் பற்றிப் பேசியபோது, மாணவர்கள் காலால் தரையை உதைத்துக் கூச்சலிட்டார்கள்.

1954இல் அணு விஞ்ஞானி ஓட்டோ ஹான் ஹைட்ரஜன் குண்டின் ஆற்றலை விளக்கியதைக் கேட்டபின், பழைய தளபதி போரையே முற்றாக மறுப்பவரானார். இராணுவப் பயிற்சியைத் தொழில்முறைக் குற்றவாளிகளுக்கான உயர்கல்வி என்று 1959இல் சாடியதால், மேற்கு ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சர் ஸ்ட்ராஸ் அவர்மீது வழக்குத் தொடுக்க முயன்றார். 1961இல் புதுதில்லியில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றம் அவரைத் தன் தலைவர்களுள் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது. வியட்நாம் போர்க் காலத்தில் ஹனோய் சென்றுவந்தார். 1984இல் மறைந்தார்.

படிப்பதானால், 1944 கிறிஸ்துமஸ் தொடங்கி 1945 ஈஸ்டர் வரை, பல நாட்டவரான ஒரு சில கைதிகளுக்கு முகாமுக்குள் அவர் ஆற்றிய ‘டாஹௌ பிரசங்கங்கள்’ சிறந்த தொடக்கம். அவற்றில் அரசியல் முழக்கம் இல்லை, பசித்தவர்களிடம் பேசும் நிதானமே இருக்கிறது. ‘நீர்மூழ்கியிலிருந்து பிரசங்க பீடத்துக்கு’ என்ற 1934ஆம் ஆண்டுத் தன்வரலாற்றை அதற்குப் பின் எடுங்கள். போர்ச் சாகசங்களைப் பெருமிதத்தோடு விவரிக்கும் அந்நூலை, ஹிட்லரோடு நேருக்கு நேர் மோதிய அதே ஆண்டில்தான் அவர் வெளியிட்டார்.