முதல் மசாஜா? மேசையில் படுத்ததும் வாயை மூடிக்கொள்ளாதீர்கள்

கேள்வி: வயது 43. நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து செய்யும் வேலை. ஆறு மாதமாகக் கழுத்திலும் வலது தோளிலும் பிடிப்பு. தோழி சொன்னதால் ஒரு மசாஜ் தெரபிஸ்டிடம் ஒரு மணி நேரத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். இதுவே முதல் முறை. துணியை எவ்வளவு கழற்ற வேண்டியிருக்கும்? வலிக்குமா? எனக்குக் கூச்சம் அதிகம். பி.பி. மாத்திரையும் சாப்பிடுகிறேன்.

பதில்: நானும் ஒரு மசாஜ் தெரபிஸ்ட்தான். போகிற போக்கில் சொல்லியிருக்கும் அந்த மாத்திரையிலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் பலர் அதைத் தெரபிஸ்டிடம் சொல்வதே இல்லை. போனதும் கையில் ஒரு படிவம் தருவார்கள். நோய்கள், மருந்துகள், அறுவை சிகிச்சைகள், ஒவ்வாமை, கர்ப்பமா என்பது வரை அதில் இருக்கும். வெறும் சம்பிரதாயம் என்று நினைத்து எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிடாதீர்கள். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் பொதுவாக மசாஜுக்குத் தடையில்லை. ஆனால் ஒரு மணி நேரம் தளர்ந்து கிடந்த உடம்பில் அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கலாம். மாத்திரையும் சேர்ந்துகொண்டால் சட்டென்று எழும்போது தலை சுற்றும். விஷயம் தெரிந்த தெரபிஸ்ட் உங்களைச் சற்று நேரம் மேசை ஓரத்தில் உட்காரவைத்துவிட்டுத்தான் இறங்கச் சொல்வார். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவரை அழுத்திப் பிடித்தால் கன்றிப்போகும். பாதாம் ஒவ்வாமை என்றால் எண்ணெயை மாற்ற வேண்டும். எல்லாம் நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

காய்ச்சலோ தோல் தொற்றோ இருந்தால் வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் மசாஜ் பேச்சே வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள். நாளத்துக்குள் ரத்தம் உறைந்திருக்கலாம்; தேய்க்கப் போய் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. உங்கள் தோள் விஷயத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். வலி கை வழியாக இறங்குகிறதா? விரல்கள் மரத்துப்போகின்றனவா? பிடிமானம் குறைகிறதா? ஆமாம் என்றால் முதலில் மருத்துவர், மசாஜ் அப்புறம்.

சரி, துணி. உங்களுக்கு எதுவரை சங்கடமில்லையோ அதுவரை கழற்றினால் போதும். உள்ளாடையோடு படுப்பவர்கள் நிறையப் பேர். உங்களுக்கு மேலாடையை மட்டும் கழற்றினால் போதும். அதுவும் வேண்டாம் என்றால், எண்ணெய் இல்லாமல் உடைக்கு மேலேயே அமுக்கிவிடச் சொல்லிக் கேட்கலாம். தெரபிஸ்ட் வெளியே போய்விடுவார். நீங்கள் போர்வைக்குள் படுத்த பிறகு, கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். எந்த இடத்தில் கை வைக்கிறாரோ அந்த இடம் மட்டும் திறந்திருக்கும். முதுகு முடிந்ததும் அதை மூடிவிட்டு ஒரு காலை மட்டும் வெளியே எடுப்பார். போர்வையின் ஓரத்தைத் தொடைக்கு அடியில் செருகிவிடுவார். குப்புறக் கிடந்தவரை மல்லாந்து படுக்கச் சொல்லும்போது போர்வையைத் தூக்கித் திரைபோலப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். மார்பகம், பிறப்புறுப்புப் பக்கம் கை போகவே கூடாது. போனால், அல்லது மனசுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டால், எழுந்து வந்துவிடுங்கள். காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பெண் தெரபிஸ்ட்தான் வேண்டும் என்றால் இப்போதே தொலைபேசியில் சொல்லிவையுங்கள்.

நீங்கள் சொன்ன கூச்சம் எந்தக் கூச்சம் என்று தெரியவில்லை. நம் மொழியில் வெட்கத்துக்கும் அதே சொல், தொட்டால் கிச்சுகிச்சு மூட்டுவதற்கும் அதே சொல். வெட்கத்துக்குப் போர்வை இருக்கிறது. இரண்டாவது என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். மேலோட்டமாக, விரல் நுனியால் தொட்டால்தான் அதிகம் கூசும். முழு உள்ளங்கையைப் பதித்து மெதுவாக, திடமாக நீவினால் பெரும்பாலும் கூசாது. பாதம் ரொம்பக் கூசும் என்றால் பாதத்தையே விட்டுவிடச் சொல்லலாம்.

வலி விஷயத்தில்தான் முதல்முறை வருபவர்கள் தவறு செய்கிறார்கள். ‘வலித்தாலும் நல்லதுக்குத்தான்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். எனக்கு அவர்கள் சொல்லாமலே தெரியும்: மூச்சு நின்றிருக்கும், கால்விரல்கள் மடங்கியிருக்கும். அப்படித் தாங்கிக்கொள்ளும்போது, இளக்க வேண்டிய தசையே எதிர்த்து இறுகுகிறது. முதலில் எண்ணெயோ லோஷனோ தடவி நீவுவோம், தசை சூடேறிய பிறகுதான் பிசைவோம், கடைசியில்தான் முடிச்சு விழுந்த இடத்தில் கட்டைவிரலை வைப்போம். அப்போது ‘அப்பா’ என்று ஒரு இதமான வலி வரும், அது சரி. பத்துக்கு ஆறைத் தாண்டினால் ‘கொஞ்சம் குறைங்க’ என்று சொல்லிவிடுங்கள். தெரபிஸ்ட் கோபித்துக்கொள்ள மாட்டார். உங்கள் தோளுக்குள் என்ன நடக்கிறது என்று எங்கள் கைக்கு முக்கால்வாசிதான் தெரியும், மீதியை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. தெரபிஸ்ட் உங்கள் கையைத் தூக்கும்போது, அவருக்குச் சிரமம் வேண்டாம் என்று நீங்களே தூக்கிக் கொடுப்பீர்கள். அனேகமாக எல்லோரும் செய்வார்கள். உதவி செய்யாதீர்கள். நனைந்த துணிமாதிரி கனமாக விட்டுவிடுங்கள். தோள்மூட்டைச் சுற்றியுள்ள தசைகள் அப்போதுதான் ஓய்கின்றன.

பேச வேண்டிய கட்டாயமில்லை. முகத்துக்கு ஓட்டை வைத்த தலையணையில் குப்புறக் கிடந்தால் கொஞ்ச நேரத்தில் மூக்கு அடைக்கும், சமயத்தில் எச்சிலும் வடியும். காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். வயிறு கடமுடவென்று சத்தம் போடலாம், குறட்டையும் வரலாம். இவற்றுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மட்டும் போகாதீர்கள்.

மறுநாள், அதற்கடுத்த நாள் வரை லேசான உடம்பு வலி இருந்தால் பயப்படாதீர்கள், புதிதாக உடற்பயிற்சி செய்தால் வருவது போன்றதுதான் அது. ‘நச்சு வெளியேறுகிறது, தண்ணீர் குடியுங்கள்’ என்று யாராவது சொன்னால், தாகமிருந்தால் குடியுங்கள், நச்சுக் கதையை விட்டுவிடுங்கள். கழிவை அகற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் எப்போதும் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

ஆறு மாதப் பிடிப்பு ஒரே மணி நேரத்தில் போய்விடாது. கழுத்து எத்தனை நாள் லேசாக இருந்தது, பிடிப்பு முதலில் எந்த இடத்தில் திரும்பி வந்தது என்று குறித்து வையுங்கள். அடுத்த முறை போகும்போது தெரபிஸ்ட் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.