பழைய பாமினி கோப்புகளைப் படிப்பதும் யூனிகோடுக்கு மாற்றுவதும்

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்பு, புதிய கணினியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். கோப்பு கெட்டுவிடவில்லை, தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. 'அம்மா' என்று நீங்கள் அடித்தபோது கோப்பில் பதிவானது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினி அந்தக் குறிகளை அப்படியே காட்டுகிறது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியாக்கமான (எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்னும் முறை) யூனிகோடில் தமிழுக்கென்றே தனி இடங்கள் இருப்பதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

முதலில் கோப்பைப் படியெடுத்துக்கொண்டு, வேர்டில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருப் பெட்டியில் உள்ள பெயரைப் பாருங்கள். படிக்க மட்டும் வேண்டுமானால் அந்த எழுத்துருவை நிறுவினால் போதும். தேடவும் பகிரவும் வேண்டுமென்றால், எழுத்துரு மாற்றி என்னும் மென்பொருளில் அந்தப் பெயருக்குரிய குறியாக்கத்தைத் தேர்ந்து யூனிகோடுக்கு மாற்றுவதே நல்லது. இடையிலுள்ள ஆங்கிலச் சொற்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் அந்த மென்பொருள் தமிழென்றே எண்ணிச் சிதைத்துவிடும் என்பதால், அவற்றை விலக்கிவிட்டுத் தமிழ்ப் பத்திகளை மட்டும் மாற்றுங்கள்.

மாற்றியபின் கொ, கோ, கௌ வரும் சொற்களைக் கட்டாயம் சரிபாருங்கள். பாமினியில் கொம்பை முதலிலும் மெய்யை அடுத்தும் அடிப்போம். யூனிகோடில் மெய்யே முன்னால் வரும். இந்த வரிசை மாற்றத்தில்தான் பிழைகள் மிகுதியாக நுழைகின்றன. மூலக் கோப்பையும் பத்திரமாக வைத்திருங்கள்.